பிழை விடையின் பெறுமதி: விசை எண்ணக்கரு இருப்பேடு பற்றிய ஒரு மதிப்பீடு

திறனாய்வு செய்யப் புகுவோர் காவியத்தையோ நாடகத்தையோ நாவலையோ எடுத்து ஆராய்வதே வழக்கம். வினாத்தாள் ஒன்றை எடுத்து அதன் குணங் குற்றங்களை நாடுவார் அரியர். ஆயினும், ஆசிரியராகிய எம்முடைய வாழ்நாளிற் பெரும்பகுதி வினாத்தாள்களை ஆக்குவதிலும் திருத்துவதிலும் அவற்றின் பெறுபேறுகளுக்குக் காரணங் கூறுவதிலுமே கழிகின்றது. மாணாக்கன் ஒருவனின் எதிர்கால வாயிலைத் திறப்பனவும் அடைப்பனவும் அத்தாள்களே. மனிதர் வாழ்வில் இத்துணை ஆட்சி செலுத்தும் ஓர் எழுத்து வகை ஆராயப்படாது கிடத்தல் முறையன்று. ஆதலின், வினாத்தாளும் ஆராய்தற்குரிய ஒரு நூலே என்னும் துணிபுடன், உலகப் பௌதிக ஆசிரியரிடையே பெரும் புகழும் பெரும் விவாதமும் பெற்ற ஒரு வினாத்தாளை இக்கட்டுரையில் மதிப்பிட முயல்வேன்.

தமிழில் அதனை 'விசை எண்ணக்கரு இருப்பேடு' என வழங்கலாம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஹெஸ்ரெனீஸ் என்பாரும், மல்கம் வெல்ஸ், கிரெக் சுவாக்ஹாமர் என்னும் பாடசாலை ஆசிரியர் இருவரும் அதனை ஆக்கி, 1992 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 'த பிசிக்ஸ் ரீச்சர்' என்னும் இதழில் வெளியிட்டனர். முதற் பதிப்பில் 29 வினாக்களும் 1995 இல் திருத்தப்பட்ட பதிப்பில் 30 வினாக்களும் உள்ளன. ஒவ்வொரு வினாவுக்கும் ஐந்து விடைகள் தரப்படும்; அவற்றுள் ஒன்றே சரியானது. எமது க. பொ. த. உயர்தரப் பௌதிகவியற் பல்தேர்வு வினாத்தாளின் புறத்தோற்றமும் ஏறக்குறைய இதுவே. அகத்தே உள்ள வேறுபாடோ பெரிது. இருப்பேட்டில் கணிப்புச் செய்ய வேண்டிய வினா இல்லை, சூத்திரம் வேண்டுவதில்லை. விழும் உருண்டைகள், மோதும் வாகனங்கள், கயிற்றிற் சுழற்றப்படும் குண்டு, மேலேறும் மின்னுயர்த்தி, தரையிலே தள்ளப்படும் பெட்டி ஆகியவற்றைக் காட்டி, யாது நிகழும், யாது காரணம் என்று மட்டும் அது வினவுகின்றது. அரை மணி நேரத்தில் செய்து முடிக்கலாம். இவ்வளவு எளிய தாள் ஆசிரியர் பலரின் தன்னம்பிக்கையை எங்ஙனம் ஆட்டங் காணச் செய்தது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

யான் இதனை எழுதுவதற்குக் காரணம்

பௌதிகம் எனது பாடமன்று. சாதாரண தரத்தோடு விஞ்ஞானத்தை விட்டு விலகிக் கலைத்துறையிற் புகுந்து, வெளிவாரியாகப் பட்டம் பெற்று, உயர்தர வகுப்புகளுக்கு அளவையியலும் விஞ்ஞான முறையும் கற்பிப்பவன் யான். இத்தகைய ஒருவன் பௌதிக வினாத்தாளைப் பற்றி எழுதுதல் தகுமோ என வினவுவார்க்கு இரு விடைகள் உண்டு. ஒருவன் தந்த விடையிலிருந்து அவன் மனத்திலுள்ளதைப் பற்றி எதனை உய்த்தறியலாம், எதனை அறியலாகாது என்பது அளவையியலுக்கும் உரிய வினாவாகும். இஃது ஒன்று. மற்றையது, அத்தாளில் யான் பிழைவிட்டேன் என்பது.

பௌதிகம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் ஆசிரியர் அறையில் அத்தாளை என் கையில் தந்து, பொழுதுபோக்காகச் செய்து பார்க்கும்படி கூறினார். அதிலொரு வினா, நேர்மேலே எறியப்பட்ட உருண்டையைப் பற்றியது. கையை விட்டு நீங்கிய பின், மேலே சென்று கொண்டிருக்கும்போது அதன்மேல் தாக்கும் விசைகள் யாவை? வளித்தடையைப் புறக்கணிக்குமாறு கூறப்பட்டிருந்தது. புவியீர்ப்பு கீழ்நோக்கித் தாக்குகின்றது, கை கொடுத்த விசை மேல்நோக்கித் தாக்கிப் படிப்படியாகக் குறைந்து செல்கின்றது என்று பொருள்படும் விடையைத் தயக்கமின்றிக் குறித்தேன். அது பிழை; கையை விட்டகன்ற உருண்டையின்மேல் தாக்குவது புவியீர்ப்பு விசை ஒன்றே என்றார் நண்பர். "மேல்நோக்கிய விசை இல்லாவிட்டால் உருண்டை எப்படி மேலே போகும்?" என்று வாதிட்டேன். அவர் நிதானமாக, "உச்சியிலே இரண்டு விசையும் சமமாகிவிடும் என்கிறீரோ?" என்று கேட்டார். ஆமென்றேன். "உச்சியிலே உருண்டை ஒரு கணம் ஓய்வுக்கு வருகுது. ஓய்விலுள்ள பொருளிலே சமமான எதிர் விசைகள் தாக்கினால் அது ஓய்விலேயே இருக்கும். அப்படியென்றால் உமது உருண்டை அந்தரத்திலேயே நிற்க வேண்டுமே!" என்றார். அளவையியல் கற்பிக்கும் யான், எனது எடுகூற்றிலிருந்தே முரண்பாடு பிறக்கக் கண்டு வாய்மூடினேன்.

பின்னர்ச் சில நூல்களைப் புரட்டியபோது எனக்கு ஓர் ஆறுதல் கிட்டிற்று. எனது விடைக்கு நீண்ட மரபுண்டு. கிரேக்க வானியலறிஞராகிய கிப்பாக்கசு இதே கருத்தினராய் இருந்தார் என்பது பண்டை உரையாசிரியர் வாயிலாகத் தெரியவருகின்றது. கி. பி. ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பிலோப்போனசும், பதினான்காம் நூற்றாண்டில் பாரிசிற் கற்பித்த புரிடானும், எறிபவன் எறிபொருளினுள்ளே ஓர் உந்துதலைப் பதித்து விடுகின்றான் என்று கொண்டனர். கலிலியோ தாமும் 1590 ஆம் ஆண்டளவில் எழுதிய இளமைக்கால நூலில், குறைந்து செல்லும் பதிந்த விசையைக் கொண்டே மேலெறியப்பட்ட பொருளின் இயக்கத்தை விளக்கினார்; பின்னரே அதனைக் கைவிட்டு 1638 இல் வெளியான தமது பெருநூலின் கருத்துக்கு வந்தார். கலிலியோ பல்லாண்டு உழைத்துக் களைந்த ஓர் எண்ணத்தை நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்றில் மாணாக்கன் களைந்து விடுவான் என நாம் எதிர்பார்க்கின்றோம். இருப்பேடு முதற்கண் கலைப்பது இந்த எதிர்பார்ப்பையே.

தாள் ஆக்கப்பட்ட வகை

இவ்வினாத்தாள் ஒரே நாளில் எழுதப்பட்டதன்று. இதற்கு முன்னோடியாக, இப்ராகிம் ஹலூன் என்பாரும் ஹெஸ்ரெனீசும் 1985 ஆம் ஆண்டில் இயக்கவியற் சோதனையொன்றை வெளியிட்டிருந்தனர். அவர்கள் முதலில் வினாக்களை மட்டும் கொடுத்து, மாணாக்கரைத் தத்தம் சொற்களில் விடையெழுதச் செய்தனர். எழுதப்பட்ட விடைகளுள் அடிக்கடி காணப்பட்ட பிழைகளைத் தொகுத்து, அவற்றையே பின்னர்ப் பல்தேர்வு விடைகளாக அமைத்தனர். மாணாக்கரை நேரிற் கண்டு உரையாடி, அவர்கள் தேர்ந்த விடைக்கும் மனத்திலுள்ள எண்ணத்துக்கும் பொருத்தம் உண்டோ எனவும் நோக்கினர்.

இந்நூலின் உயிர் இம்முறையிலேயே உள்ளது என்பது எனது முடிபு. நாம் பல்தேர்வு வினா ஆக்கும்போது செய்வது யாது? சரியான விடையை முதலில் எழுதுகின்றோம். எஞ்சிய நான்கு இடங்களையும் நிரப்ப வேண்டுமே என்னும் கவலையுடன், எண்களைச் சிறிது மாற்றியோ, குறியைத் திருப்பியோ, ஒருவரும் நம்பாத கூற்றொன்றைச் சேர்த்தோ முடித்து விடுகின்றோம். அங்கே பிழை விடைகள் வெறும் வேலியாக நிற்கின்றன. இருப்பேட்டிலோ, பிழை விடை ஒவ்வொன்றும் எங்கோ ஒரு மாணாக்கன் உண்மையென நம்பிக் கூறிய கூற்று. ஆதலால் பிழைவிட்ட மாணாக்கன் 'தெரியாது' என்பதோடு நின்றுவிடாமல், தான் உலகத்தை எவ்வாறு காண்கின்றான் என்பதையும் எமக்குத் தெரிவித்து விடுகின்றான்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். பாரமான லொறியும் சிறிய காரும் நேருக்கு நேர் மோதுகின்றன. எதன்மேல் எது கூடிய விசையைத் தாக்குகின்றது? நியூற்றனின் மூன்றாம் விதிப்படி இரண்டும் சமமும் எதிரும் ஆகும். மூன்றாம் விதியைச் சொல்லுக்குச் சொல் ஒப்புவிக்கும் மாணாக்கரும் லொறியே கூடிய விசையைத் தாக்குகின்றது எனக் குறிக்கின்றனர். ஏன்? கார் நசுங்குவதை அவர்கள் கண்டிருக்கின்றனர். கண்டது பொய்யன்று. ஒரே அளவான விசை குறைந்த திணிவின்மேல் தாக்குமிடத்துக் கூடிய ஆர்முடுகல் விளைகின்றது. காரும் அதனுள் இருப்பவரும் கூடிய தீங்கடைவது இதனாலேயே. விளைவின் பெருமையை விசையின் பெருமையாகக் கொண்டதே மாணாக்கனின் பிழை. இதனை அறிந்த ஆசிரியர் மூன்றாம் விதியை மீண்டும் பத்து முறை எழுதச் செய்ய மாட்டார். இரண்டாம் விதியை எடுத்து வந்து அதனருகே வைப்பார். மருந்தைத் தீர்மானிப்பது பிழை விடையே.

ஆசிரியர்க்கு நேர்ந்த அதிர்ச்சி

1985 ஆம் ஆண்டு ஆய்விலே கற்பித்தற் பாணியால் வேறுபட்ட நால்வர் பேராசிரியரின் வகுப்புகள் ஒப்பிடப்பட்டன. நால்வர் வகுப்புகளிலும் மாணாக்கர் அடைந்த முன்னேற்றம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது, அதுவும் சொற்பமே. சிறந்த விரிவுரை எனப் போற்றப்பட்டதும் ஏனையவும் இவ்வகையில் வேறுபடவில்லை. இருப்பேட்டின் ஆசிரியருள் ஒருவராகிய மல்கம் வெல்சே, அனுபவமும் திறமையும் வாய்ந்த ஆசிரியராயிருந்தும், தம் வகுப்பு அச்சோதனையிற் பெற்ற பெறுபேற்றைக் கண்டு தமது கற்பித்தல் முறையை அடியோடு மாற்றியமைத்தார்.

ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் கற்பித்த எரிக் மசூரின் அனுபவம் பலரும் அறிந்தது. 1990 ஆம் ஆண்டில் அச்சோதனை பற்றி வாசித்தறிந்த அவர், தமது மாணாக்கர்க்கு அது மிக எளிதாயிருக்கும் எனக் கருதியே கொடுத்தார். சோதனை நடந்து கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர், நீங்கள் கற்பித்தபடி விடையெழுதுவதோ, தான் வழக்கமாக எண்ணுகின்றபடி எழுதுவதோ எனக் கேட்டாராம். கல்வியின் தோல்வி முழுவதையும் இக்கேள்வி அடக்கி நிற்கின்றது. இதனை வாசித்தபோது யான் வியப்படையவில்லை. வராத ஆசிரியர் ஒருவருக்குப் பதிலாக விஞ்ஞானப் பிரிவு வகுப்பொன்றைப் பார்க்க நேர்ந்த வேளையில், எனது பழைய உருண்டை வினாவைக் கரும்பலகையில் வரைந்திருந்தேன். நியூற்றனின் மூன்று விதிகளையும் பிழையறக் கூறிய மாணவன் ஒருவன் எழுந்து வந்து, யான் முன்னர் நினைத்தவாறே மேல்நோக்கி ஓர் அம்புக்குறி இட்டான். அது பற்றிச் சிறிது நேரம் வாதித்த பின், "சேர், சோதனைக்கு எதை எழுதுறது?" என்று கேட்டான். ஹாவார்டிற் கேட்ட குரலும் எம் வகுப்பறையிற் கேட்ட குரலும் ஒன்றே. அவன் உள்ளத்தில் இரண்டு பௌதிகங்கள் குடியிருந்தன; ஒன்று சோதனைக்கு, மற்றையது உலகத்துக்கு.

மசூர் அதன்பின் விரிவுரையைச் சுருக்கி, இடையிடையே வினாவெழுப்பி, மாணாக்கர் ஒருவரோடொருவர் வாதித்துத் தெளியும் முறையை வகுத்து, 1997 இல் அது பற்றி நூலொன்றும் வெளியிட்டார். 1998 இல் றிச்சட் ஹேக் என்பார் 62 பாடநெறிகளைச் சேர்ந்த 6,542 மாணாக்கரின் பெறுபேறுகளைத் தொகுத்து வெளியிட்டார். கற்பிக்குமுன் பெற்ற புள்ளிக்கும் நூறுக்கும் இடையே உள்ள இடைவெளியில், கற்பித்தபின் எவ்வளவு நிரம்பிற்று என்பதே அவரது அளவை. 40 புள்ளியிலிருந்து 70 புள்ளிக்கு உயர்ந்த வகுப்பு 60 இல் 30 ஐ அடைந்தது. அதன் பெறுமானம் 0.5 ஆகும். வழக்கமான விரிவுரை முறையில் நடந்த 14 பாடநெறிகளின் சராசரி 0.23, மாணாக்கரை வாதத்திலும் செயலிலும் ஈடுபடுத்திய 48 பாடநெறிகளின் சராசரி 0.48. இத்தரவுகள் பெரும்பாலும் ஆசிரியர்கள் விரும்பி அனுப்பியவை என்பதை மறத்தலாகாது. தோல்வியுற்றவர் தம் தோல்வியை அனுப்புதல் அருமை. எனினும், வேறுபாடு ஒதுக்கத்தக்க அளவினதன்று.

குறைகள்

புகழ்ச்சியோடு நிறுத்தின் இது மதிப்பீடாகாது. இருப்பேட்டின்மீது யான் காணும் குறைகள் மூன்று.

முதலாவது, புள்ளியிலிருந்து செய்யப்படும் உய்த்தறிதல் பற்றியது. 60 சதவீதம் பெற்றவன் நியூற்றனின் சிந்தனை வாயிலை எட்டினான், 85 சதவீதம் பெற்றவன் அதிற் தேர்ச்சி பெற்றான் என்று ஆக்கியோர் எல்லை வகுத்தனர். ஈண்டு அளவையியல் தலையிட வேண்டியுள்ளது. விளங்கியவன் சரியான விடை தருவான். இவன் சரியான விடை தந்தான். ஆகவே இவன் விளங்கியவன் என்பது, பின்னதைக் கொண்டு முன்னதை நிறுவும் பழைய போலியே. கண்ணை மூடிக்கொண்டு குறிப்பவனும் 30 வினாக்களில் சராசரியாக ஆறு வினாக்களைச் சரியாகக் குறிப்பான். பிழையான காரணத்தினாற் சரியான விடையை அடைதலும் உண்டு. பிழை விடையின் நிலையோ வேறு. குருட்டாம்போக்கிற் குறிப்போரின் தெரிவுகள் ஐந்து விடைகளிலும் சிதறும். வகுப்பின் பெரும்பாலார் ஒரே பிழை விடையிற் சென்று குவிந்தால், அக்குவிவு தற்செயலாகாது. எனவே இத்தாளில் சரியான விடையினும் பிழையான விடையே வலுவான சான்று. ஆக்கியோர் இவ்வருஞ் சான்றைத் திரட்டித் தந்துவிட்டு, ஈற்றில் சரியான விடைகளை மட்டும் எண்ணி ஒரு தொகையாகச் சுருக்கியது, நெல்லைத் தூற்றிப் பதரை அளந்தது போலாயிற்று.

தொகை எதனை அளக்கின்றது என்னும் ஐயம் எனக்கு மட்டும் உரியதன்று. டக்ளஸ் ஹவ்மனும் பற்றீசியா ஹெலரும் 1995 இல் இவ்வினாவையே எழுப்பினர். ஆக்கியோர் தம் வினாக்களை இயக்கம், மூன்று விதிகள், விசைகளின் சேர்க்கை, விசை வகைகள் என ஆறு கூறுகளாக வகுத்திருந்தனர். மாணாக்கரின் விடைகளைப் புள்ளிவிவர முறைப்படி ஆராய்ந்தபோது, அவை அக்கூறுகளாகத் தெளிவுற அணிவகுக்கவில்லை. ஆக்கியோர் மறுமொழி கூறினர், வாதம் தொடர்ந்தது. அடியிற் கிடந்த வினா இது: மாணாக்கனின் பிழையெண்ணம் புரிடானின் கொள்கைபோல் ஒழுங்கமைந்த ஒரு கொள்கையா, அன்றி இடத்துக்கேற்பத் தலைகாட்டும் துண்டு துணுக்குகளா? பின்னைய கருத்தை அன்றியா டிசெசா என்பார் வற்புறுத்தினார். எனது சிறு அனுபவமும் அப்பக்கமே சாய்கின்றது. உருண்டைக்கு மேல்நோக்கிய அம்புக்குறி இட்ட அதே மாணவன், சமதரையில் மாறா வேகத்தோடு செல்லும் வண்டிக்கு விளையுள் விசை பூச்சியம் எனச் சரியாகவே கூறினான்.

இரண்டாவது, தாளில் வரும் உலகம் எல்லார்க்கும் பொதுவான உலகமன்று. பனித்தரைப் பந்தாட்டத் தட்டு, பீரங்கி, விண்கலம், விமானத்திலிருந்து வீழும் கனத்த பந்து என அதன் காட்சிகள் ஒரு சாராரின் அனுபவத்திற் பெரிதும் தங்கியுள்ளன. 2018 இல் வெளியான ஆய்வொன்று, சில வினாக்கள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒப்ப நீதியாக அமையவில்லை எனவும், அவற்றுட் பெரும்பாலானவை பெண்களுக்குப் பாதகமானவை எனவும் காட்டிற்று. அளவுகோல் ஆளுக்கு ஆள் நீளுமாயின், அளந்த நீளத்தை நம்புதல் எங்ஙனம்?

மூன்றாவது, இத்தாளிற் பெறும் வெற்றியைச் சிந்தனையின் வெற்றியாகக் கருதும் மயக்கம். 2009 இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஒப்பீட்டில், சீனப் பல்கலைக்கழகங்களிற் புகுந்த மாணாக்கரின் சராசரி 86 சதவீதமாகவும் அமெரிக்க மாணாக்கரின் சராசரி 49 சதவீதமாகவும் காணப்பட்டன. சீன மாணாக்கர் பாடசாலையிலே பல்லாண்டு பௌதிகம் பயின்று வந்தவர். ஆயின் விஞ்ஞான முறையில் நியாயிக்கும் ஆற்றலை அளக்கும் வேறொரு சோதனையில் இரு நாட்டினரும் ஏறக்குறைய ஒரே பெறுபேற்றையே அடைந்தனர். விசை பற்றிய தெளிவை வளர்த்த அத்துணைப் பயிற்சியும், பொதுவாக நியாயிக்கும் ஆற்றலை உயர்த்திவிடவில்லை. இஃது இருப்பேட்டின் குற்றமன்று. அதனிடம் அது தராததை எதிர்பார்ப்போரின் குற்றம்.

தமிழிற் பயன்படுத்துங்கால்

இத்தகைய வினாக்களை எம் மாணாக்கர்க்கு ஏற்பத் தமிழில் அமைக்க விரும்புவோர்க்கு ஒரு சொல். இடர் முதலிற் கலைச்சொல்லிலேயே காத்திருக்கின்றது. 'விசையாக ஓடினான்' என நாம் கூறுவது விரைவாக ஓடினான் என்னும் பொருளிலன்றோ? தமிழில் விசை என்பதற்கு விரைவு என்பது பழம்பொருள். ஆகவே, 'மேலே செல்லும் உருண்டைக்கு மேல்நோக்கிய விசை உண்டோ?' என வினவினால், விரைவைக் கருதி 'உண்டு' என விடையிறுப்பவன் பௌதிகத்தில் தவறினும் தமிழில் தவறவில்லை. இம்மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதுமன்று. 1687 இல் வெளியான 'பிரின்சிப்பியா'வில் நியூற்றன் தாமே சடத்துவத்தைப் பொருளில் உள்ளுறையும் ஒருவகை விசை எனப் பெயரிட்டு வரையறுத்தார். இன்னொன்று: இலங்கைப் பாடநூல்களில் திணிவு, நிறை என வேறுபடுத்தப்படுபவை தமிழ்நாட்டு நூல்களில் நிறை, எடை எனப்படும். அங்குள்ள நூலை இங்குள்ள மாணாக்கன் வாசித்தால், நிறை என்னும் ஒரே சொல் கடல் கடக்கும்போது பொருள் மாறி நிற்கின்றது. எனவே விடையைத் திருத்துமுன் சொல்லை விசாரித்தல் வேண்டும்.

காட்சிகளை மாற்றுதலிலும் கவனம் வேண்டும். பனித்தரைத் தட்டுக்குப் பதிலாகக் கரம் காயை வைத்தாற் போதும் என எண்ணத் தோன்றும். கரம் பலகையில் எத்துணை மா தூவினும் காய் சிறிது தூரத்தில் நின்றுவிடுகின்றது. உராய்வு இல்லாத தளம் என்னும் வினாவின் உயிர்நிலை அங்கே கெடுகின்றது. வேறு சில காட்சிகளோ எம்மிடமே செம்மையாக உள்ளன. கயிற்றிற் சுழலும் குண்டு அறுந்து எத்திசையிற் செல்லும் என்னும் வினாவுக்குக் கவணே போதும்; கல் வட்டத்தின் தொடலி வழியே புறப்படும் என்பதைக் கவணெறிபவனின் கை அறியும். மாறா வேகத்தில் மேலேறும் மின்னுயர்த்தியின் இடத்தில், துலாக்கயிற்றிலே சீராக மேலேறும் பட்டையை வைக்கலாம். கயிற்றின் இழுவிசை பட்டையினதும் நீரினதும் நிறையிலும் கூடியதோ, சமமோ? சமம் என்பது விடை. வடம் பிடித்து இழுக்குந்தோறும் நகர்ந்து, விட்டவுடன் நிற்கும் தேர் அரிஸ்ரோட்டிலின் பக்கம் சாட்சி கூறுவது போலத் தோன்றும். ஆயின் ஓடும் தேரை நிறுத்தச் சில்லின் கீழே முட்டுக்கட்டை இடுவோரைக் கேட்டால், அவர்கள் நியூற்றனின் பக்கமே சாட்சி கூறுவர். ஒரே வீதியில் இரு சாட்சிகளும் உள. மாணாக்கன் ஒன்றை மட்டும் கேட்டு வளர்ந்திருக்கின்றான்.

முடிபு

இருப்பேடு என்னும் பெயரை ஒரு கடையின் இருப்புக் கணக்கோடு ஒப்பிட்டு நோக்கலாம். இருப்புக் கணக்கு எடுக்கும் வணிகன் தன்னிடம் என்ன சரக்கு, எவ்வளவு, எந்நிலையில் உள்ளது என அறியவே எடுக்கின்றான். சரக்குக்குப் பரிசு கொடுக்க அன்று. இவ்வினாத்தாளும் அவ்வாறு பயன்படுங்கால் ஒப்பற்றது. கற்பிக்குமுன் ஒருமுறையும் கற்பித்தபின் ஒருமுறையும், புள்ளியிடாமலும் நிரைப்படுத்தாமலும் கொடுத்து, எந்தப் பிழை எங்கே குவிந்தது என நோக்குவோர்க்கு அது பெருநன்மை தரும். ஒவ்வொரு விடையின் அருகிலும் ஒரு வரியிற் காரணமும் எழுதச் செய்தால், யான் முன்னர்க் கூறிய முதற்குறை பெரும்பாலும் நீங்கும். அதனைத் தரவரிசைக்குரிய பரீட்சையாக மாற்றிவிட்டால் அன்றே அது இறந்துவிடும். ஆக்கியோர் அதன் விடைகளைப் பரப்ப வேண்டாமென ஆசிரியரைக் கேட்டுக் கொண்டதன் நியாயமும் இதுவே. கடந்தகால வினாத்தாள்களை விடைகளோடு அச்சிட்டு மனனஞ் செய்விப்பதையே பெருந்தொழிலாகக் கொண்ட எமது சூழலில், இவ்வேண்டுகோள் சிறிது விந்தையாகத் தோன்றக்கூடும். விந்தையாகத் தோன்றுமளவுக்கு நாம் வழி விலகி வந்துவிட்டோம் என்றே யான் கருதுகின்றேன்.

பௌதிகம் கற்பியாத ஆசிரியர்க்கும் இந்நூல் ஒரு பாடம் வைத்திருக்கின்றது. அதனைச் செய்து பார்த்த நாளிலிருந்து யானும் ஒரு கொப்பி வைத்திருக்கின்றேன். அளவையியல் விடைத்தாள்களைத் திருத்தும்போது காணும் பிழைகளை, மாணாக்கர் எழுதிய சொற்களிலேயே அதிற் குறித்து வருகின்றேன். 'காகங்கள் எல்லாம் கறுப்பு. ஆகவே கறுப்பானவை எல்லாம் காகங்கள்' என்பது போன்றவை அவை. முன்னர் இத்தகைய வரிகளைச் சிவப்புக் கோட்டாற் குறுக்கே வெட்டிவிட்டு அடுத்த தாளுக்குச் செல்வேன். இன்று அவற்றையே கரும்பலகையில் எழுதி, இவ்வாறு எண்ணியவர் ஏன் எண்ணியிருப்பார் என வகுப்பைக் கேட்கின்றேன். வாதம் எழுகின்றது; சில நாள்களிற் பாடவேளை முடிந்து மணி அடித்த பின்னரும் அது நீடிக்கின்றது. எந்தையும் தாயும் ஆசானும் திருத்திய பிழையைக் காட்டிலும், தானே கண்டு திருத்திய பிழை மாணாக்கனிடம் நெடுநாள் தங்கும். உருண்டை உச்சியில் அந்தரத்தே நிற்க வேண்டுமே என்று நண்பர் கேட்ட அன்று யான் கற்றது அதுவே.